சேவல் கொடுக்காத அஸ்திவாரம்

ஸ்லாதினா நாற்காலியில் உட்காரவே இல்லை. ப்ளோவ்திவ் ரயில் நிலையத்துக்கு எதிரே, மூன்றாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் வந்ததிலிருந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடையாய் நடந்தாள். பேச ஆரம்பிப்பாள், பாதியில் போனை எடுத்துப் பார்ப்பாள், பிறகு விட்ட இடம் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

நெவேனா தோம்சேவா அவளை அவசரப்படுத்தவில்லை. ரயில்வேயில் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தடம் புரண்ட வண்டிகளோடு காலம் தள்ளியவருக்கு, மனிதர்கள் தடம் புரண்டு பேசுவது ஒரு பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. சிறு கத்தியால் பென்சில் சீவிக்கொண்டே கேட்பார். அந்தப் பென்சிலால் அவர் எதையாவது எழுதி யாரும் பார்த்ததில்லை. அவருடைய உதவியாளன் ஸ்தாமென் அதற்கு நேர் எதிர். பழைய டாக்சி டிரைவர். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. வழக்கு முழுசாகக் காதில் விழுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுகிற ஆள்.

ஸ்லாதினா தட்டுத்தடுமாறிச் சொன்னதை ஒழுங்குபடுத்தினால் கதை இப்படி வந்தது. மலையடியில் இருக்கும் பெலி கமென் என்ற ஊரில் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது. அது கொத்தனார்களின் ஊர். அங்கே பிறந்தவனுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அந்த ஊருக்குள் அவளுடைய கம்பெனி தலைநகர் சோஃபியாவிலிருந்து ஓர் ஆளில்லாத பொக்லைனைக் கொண்டுபோய் இறக்கியிருந்தது. வரைபடத்தை அதற்குள் ஏற்றிவிட்டால் போதும். தலைமேல் சுழலும் கண்ணால் நிலத்தைப் பார்த்து, தானே அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டும், தானே மண் நிரப்பும், தானே கெட்டிக்கும். அதை ஏற்றிய எஞ்சினியர் ஸ்லாதினாதான். சாவியும் நிறுத்தும் பொத்தானும் கலின் என்பவனிடம் இருந்தன. அவன் பல வருஷம் பொக்லைன் ஓட்டியவன். இப்போது அது தானே ஓடுவதை நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வாணம் முழுதும் கிராவல் மண் கொட்டிக் கெட்டித்தாகிவிட்டது. சனி, ஞாயிறு வேலை இல்லை. திங்கள் விடியலில் கலின் வந்து பார்த்தபோது, கிழக்கு மூலையில் மார்பளவுக்கு ஒரு குழி. குழியோரத்தில், வெள்ளிக்கிழமை நின்ற அதே இடத்தில், பொக்லைன். தரையில் கிடந்த அதன் வாளி நிறைய மண். குழிக்குள்ளே இடுப்பெலும்பு முறிந்து, குளிரில் விறைத்துப்போய்க் கிடந்தார் மேஸ்திரி ஹரலாம்பி. காலையில் சீக்கிரம் வந்தேன், குழி இருப்பது தெரியாமல் விழுந்தேன் என்று அவர் சொன்னார்.

இயந்திரத்தின் நினைவைத் திறந்து பார்த்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு நான் அசையவே இல்லை என்கிறது. இன்ஸ்பெக்டர் மிரோன் அதைக் கேட்டுச் சிரித்தாராம். இரும்பு பொய் சொல்லாது, சாவி வைத்திருக்கிறவன் சொல்ல வைப்பான் என்பது அவருடைய கட்சி. போதாததற்குக் கலின் மதுக்கடையில் நாலு பேர் முன்னால், "இந்த மிஷின் ஒரு நாள் யாரையாவது குழியில தள்ளும், அன்னைக்குத்தான் என் அருமை தெரியும்" என்று உளறியிருந்தான். நேற்றிலிருந்து அவன் லாக்கப்பில் இருக்கிறான். அவன் மனைவி நிறைமாதம். நாளைக் காலை அரசு வக்கீல் வருகிறார். மேஸ்திரியோ எதுவும் சாப்பிட மறுத்து மணிக்கு மணி மோசமாகிறார். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் கலின் மேல் விழுவது கொலை வழக்கு.

"மிஷின் தோண்டியிருந்தா தப்பு என்னோடது, மேடம். கலின் தோண்டியிருந்தா அவனோடது. ரெண்டுல ஒண்ணுதாங்கறாங்க. எனக்கு ரெண்டையும் நம்ப முடியல. ராத்திரி தூக்கமும் வரல."

நெவேனா பென்சிலைத் திருப்பினார். "அந்த மேஸ்திரி எப்படி? மிஷினைக் கண்டா ஆகாதா?"

அப்படியெல்லாம் இல்லை என்றாள் ஸ்லாதினா. முதலில் நன்றாகத்தான் பழகினார். வேலை தொடங்கிய அன்று மூலையில் சேவல் அறுக்க வேண்டும் என்று ஒரு சேவலோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரி இடத்தில் ரத்தம் சிந்தக் கூடாது என்று கம்பெனி விதி, அவள் மறுத்துவிட்டாள். அதற்கு அவர் முணுமுணுத்தார், அவ்வளவுதான். பிறகு வாணம் தோண்டி முடிந்ததும் முக்காலியில் அளவுக் கருவியை வைத்து அடித்தளத்தை அளந்தபோது அவர் கிழக்கு மூலையில் குறுக்கே நின்றுவிட்டார். அவருடைய உருவமும் நிழலோடு சேர்ந்து கருவியில் பதிந்துவிட்டது.

"'அண்ணே, உங்க நிழல் வரைக்கும் அளந்தாச்சு, இனிமே நீங்களும் இந்தக் கட்டடத்துல ஒரு பாகம்'னு வேடிக்கையா சொன்னேன். சிரிக்கவே இல்ல. அதுக்கப்புறம் என்கூட சரியாப் பேசறதில்ல. சேவல் கோபம் போலிருக்குன்னு விட்டுட்டேன்."

பென்சில் சீவுவது ஒரு கணம் நின்றது. பிறகு நெவேனா கத்தியை மடக்கிக் கைப்பைக்குள் போட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.

பெலி கமெனுக்குப் போகும் வழியெல்லாம் காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தது. ஸ்தாமெனுக்கு வழக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ எங்கேயோ உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாக பொக்லைனைக் கைப்பற்றியிருக்கிறான், தோண்டியிருக்கிறான், நினைவையும் துடைத்திருக்கிறான். பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்லாதினா அது முடியாது என்றாள். முடியாது என்று நினைக்க வைத்திருக்கிறானே, அதுதான் அவன் சாமர்த்தியம் என்றான் ஸ்தாமென்.

"அக்கா, நீங்க ஏதாவது சொல்லுங்க."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

கட்டட வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி வேலிக்கு வெளியே ஊர் கூடியிருந்தது. வேலை நின்றதால் கொத்தனார்களுக்குக் கை அரித்தது. நிற்பதும், வேலியோரம் நடப்பதும், சிகரெட்டை முடிக்காமல் எறிந்துவிட்டு அடுத்ததைப் பற்றவைப்பதுமாக இருந்தார்கள். பூதம் புகுந்துவிட்டது என்றான் ஒருவன். பூதமாவது, கலின்தான் என்றான் இன்னொருவன். கலினின் மைத்துனன் அவன் சட்டையைப் பிடிக்க, நாலு பேர் விலக்கிவிட்டார்கள். நடுவே அந்த மஞ்சள் பொக்லைன் எதுவும் நடக்காததுபோல நின்றது. இதையெல்லாம் பார்க்கும்போது, அங்கே பதற்றமில்லாமல் இருந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

நெவேனா முதலில் வாளியிடம் போனார். உள்ளே கிடந்த மண்ணைக் கையால் தோண்டித் தோண்டிப் பார்த்தார். மேலே சாம்பல் நிறக் களிமண் ஒரு படலம். அதற்குக் கீழே, வாளியின் அடிவரைக்கும், செந்நிறக் கிராவல். இந்த இடத்தின் அமைப்பு என்ன என்று ஸ்லாதினாவிடம் கேட்டார். மேலே நாங்கள் கொட்டிய கிராவல், மார்பளவுக்கு. அதற்கும் கீழே இயற்கையான களிமண் என்று அவள் சொன்னாள். நெவேனா அந்த நாட்டு வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டி ஆமோதித்துக்கொண்டார்.

குழியைச் சுற்றி நாலு பக்கமும் மண் கிடந்தது. ஆட்கள் காலால் மிதித்த தடம் வேறு. மண்வெட்டிகள் நான்கு, தள்ளி ஒரு கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தன. மேஸ்திரியைத் தூக்க வந்த தீயணைப்புக்காரர்கள் வைத்துவிட்டுப் போனவை என்றான் காவலுக்கு நின்ற போலீஸ்காரன். மூன்றின் காம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தது. நான்காவது காம்பு கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போன பழைய மரம்.

"ஸ்தாமென், கீழ எறங்கு. அடியில என்ன இருக்குன்னு பாரு."

ஸ்தாமென் உற்சாகமாகக் குதித்தான். அடியில் களிமண் கொஞ்சமாகக் கொத்தப்பட்டிருந்தது. நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. வேறொன்றும் இல்லை என்று கத்தினான். பிறகு சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த பள்ளத்தில் காலை வைத்து எம்பினான். அதற்கு மேலே இருந்த பள்ளம் உடைந்து சரிந்திருந்தது. அங்கே கால் வைக்கப் பார்த்து வழுக்கி, மார்பால் ஊர்ந்து, ஒருவழியாக மேலே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"ஒண்ணுமே இல்ல, அக்கா. வெத்துக் குழி."

"நல்லா ஏறி வந்தே," என்றார் நெவேனா. அவனுக்கு அது பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை.

அந்தத் துளை எதனால் என்று ஸ்லாதினாவைக் கேட்டபோது அவள் சற்று யோசித்தாள். அது அவளுடைய முளைக்குச்சி இருந்த இடமாக இருக்கும். அடித்தளத்தை அளந்த அன்று அடையாளத்துக்காக அவளே அடித்தது. சிவப்பு நாடா கட்டிய ஒரு மரக்குச்சி. அதன் மேலேதான் பொக்லைன் கிராவலைக் கொட்டியது. யாருக்கும் பிரயோஜனம் இல்லாத பொருள். ஆனால் இப்போது குச்சியைக் காணவில்லை. வாளி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள்.

வேலியோரம் நின்றவர்களிடம் நெவேனா ஒரே ஒரு விஷயம்தான் விசாரித்தார்: மேஸ்திரி இந்த மாதம் எப்படி இருந்தார்? ஆளாளுக்குச் சொன்னார்கள். முன்பெல்லாம் வாணத்துக்குள்ளேயே நின்று மட்டம் பார்ப்பார். இப்போது கொட்டகைக்குள்ளிருந்து குரல் மட்டும்தான் வரும். வெயில் வந்தால் வெளியே வர மாட்டார். இளைத்துவிட்டார். வயசாகிறது, வெயில் ஆகவில்லை என்று நினைத்தோம் என்றார்கள். இந்த மலையடியின் ஏப்ரல் இளவெயில் யாரை என்ன செய்யும் என்று ஸ்தாமென் கேட்டான்.

லாக்கப்பில் கலினைப் பார்க்க ஐந்து நிமிஷம்தான் கிடைத்தது. அவன் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக நின்றான். மனைவிக்கு வலி வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டான். இன்னும் இல்லை என்றதும்தான் மற்றது காதில் விழுந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து மேஸ்திரியைத் தூக்கும்வரை குழியோரத்திலேயே அவருக்குத் துணையாக நின்றானாம். வலியில் அவர் அலறவில்லை, மிஷினைத் திட்டவில்லை, எப்படி விழுந்தேன் என்றும் சொல்லவில்லை.

"ஒரே பொலம்பல்தான். 'குழிய மூடுடா, யாரும் வர்றதுக்குள்ள மூடுடா'ன்னு. வேற யாராவது விழுந்துடக்கூடாதுன்னு சொல்றாரேன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, மேடம். அவர் நல்லவரு."

வெளியே வந்ததும் ஸ்தாமென் தன் முடிவைக் கொஞ்சம் மாற்றினான். போட்டிக் கம்பெனிக்காரனுக்கு உள்ளூரில் ஒரு கையாள் இருக்க வேண்டும். நெவேனா நேராக இன்ஸ்பெக்டர் மிரோனிடம் போய், கலினையும் கூட்டிக்கொண்டு மேஸ்திரி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா என்று கேட்டார். கைதியை ஊர்வலம் விட இது திருவிழாவா என்றார் அவர். நாளைக்கு அரசு வக்கீல் முன்னால் வாளியில் இருக்கும் மண்ணைக் காட்டி நான் நாலு கேள்வி கேட்பேன், அதற்கு இன்றைக்கு வருவது உங்களுக்கு நல்லது என்று நெவேனா சாதாரணமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தேட ஆரம்பித்தார்.

ஹரலாம்பியின் அறையில் பகலிலேயே திரை இழுத்து மூடியிருந்தது. அவருடைய மனைவி சோன்கா ஒரு கிண்ணம் தயிரைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றாள். வெளிச்சம் பட்டாலே கத்துகிறார், விளக்கைக்கூடப் போட விடவில்லை என்றாள். மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லோரும் உள்ளே வந்தார்கள். கடைசியாகக் கை விலங்கோடு கலின் வந்தான். காலடிச் சத்தத்தில் ஹரலாம்பி திரும்பி, அவனைப் பார்த்து, உடனே மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெவேனா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்த ஒரு மாசமா அங்க மண்ணத் தோண்டினது மிஷின் மட்டும்தான். அதனால குழின்னதும் எல்லாரும் மிஷினத்தான் பாத்தீங்க. அது ராத்திரி முழுக்கத் தூங்கினேன்னு நெசத்தச் சொல்லுச்சு. அதுக்கு வரைபடம் ஏத்தின பொண்ணால கூட அதை முழுசா நம்ப முடியல."

இன்ஸ்பெக்டர் வாளியில் இருந்த மண்ணைப் பற்றிக் கேட்டார். அவருக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

"பொக்லைன் எப்படித் தோண்டும்? ஒரு தடவ அள்ளும், கொட்டும், மறுபடி அள்ளும். கடைசியா அதோட வாளியில என்ன மிஞ்சணும்? அடியில இருக்கற களிமண். ஆனா இதுல அடியில கிராவல், மேல களிமண். முதல்ல வெட்டினது முதல்ல விழுந்திருக்கு. ஒரு ஆளு மண்வெட்டியால வாரி வாரி அதுக்குள்ள போட்டிருக்கான். தரையில கெடந்த வாளிய ஒரு சட்டி மாதிரி வெச்சுக்கிட்டான். நெறஞ்சதும் மிச்சத்தச் சுத்திப் போட்டான், கடைசியாக் கொத்தின களிமண்ண மட்டும் வாளி மேல தூவினான். ஏன் வாளிக்குள்ள போடணும்? மண்ணு செதறாம இருந்தா, விடியறதுக்குள்ள திரும்ப நெரப்பி வழக்கம்போல ஆக்கிடலாம்னு."

"கையாலயா?" என்றார் இன்ஸ்பெக்டர். "கெட்டிச்ச கிராவல மார்பளவுக்கு?"

"இந்த ஊர்ல முடியாதா?" என்று நெவேனா கேட்டார். இன்ஸ்பெக்டரும் அந்த ஊர்க்காரர்தான். "ஸ்தாமென், குழியில இருந்து எப்படி மேல வந்தே?"

"சுவத்துல பள்ளம் இருந்துச்சுல்ல, அதுல கால வெச்சு..." ஸ்தாமென் பாதியில் நின்றான். வாயிலிருந்த விதை கீழே விழுந்தது.

"ஆமா. மிஷினுக்குக் கால் வெக்க எதுக்குப் பள்ளம்? ஆழமாத் தோண்டற கொத்தனாரு, போகப் போகப் படி வெட்டிக்கிட்டே போவாரு. கீழ்ப்படி நல்லா இருக்கு. மேல்படி ஒடஞ்சு சரிஞ்சிருக்கு. மேல இருந்து தெரியாம விழுறவன் படிய ஒடைக்க மாட்டான். மண்வெட்டிய மேல வீசிட்டு ஏறும்போது விழுந்தவன்தான் ஒடைப்பான். பழைய மரக்காம்பு போட்ட அந்த மண்வெட்டியும் தீயணைப்புக்காரங்களோடதோட சேர்ந்து கொட்டகையில சாஞ்சிருக்கு."

அறையில் யாரும் ஹரலாம்பியைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது, பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. சோன்கா தயிர்க் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு தலைத்துணி முனையைக் கசக்கினாள்.

"ஏன்?" என்றாள் ஸ்லாதினா. "அங்க என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லியே."

"ஒரு முளைக்குச்சி இருந்துச்சே. குழி சரியா அது வரைக்கும்தான் போயிருக்கு. அதுக்குக் கீழ ஒரு விரல் இல்ல." நெவேனா குரலைத் தாழ்த்தினார். "நீ சோஃபியாப் பொண்ணு. பள்ளிக்கூடத்துல கதையாக் கேட்டிருப்பே, மறந்திருப்பே. அந்தக் காலத்துல கொத்தனாருங்க ஒரு ஆளோட நிழல அவனுக்குத் தெரியாம நூலால அளந்து, அந்த நூல மூலைக்கு அடியில வெச்சுக் கட்டுவாங்கன்னு சொல்வாங்க. கட்டடம் நிக்கும். ஆளு நாப்பது நாளுக்குள்ள போயிடுவான். அப்படி ஆகக்கூடாதுன்னுதான் சேவல். சேவல் கொடுத்துட்டா அஸ்திவாரம் மனுஷன் நிழலத் தேடாது. நீ சேவல வேண்டான்னுட்டே. அப்புறம் மூலையில நின்ன மனுஷனப் பாத்து, உன் நிழல அளந்தாச்சுன்னு சொன்னே. அதே எடத்துல நாடா கட்டின குச்சியும் அடிச்சே. மேல மிஷின் மண்ணப் போட்டு மூடுச்சு."

ஸ்லாதினா குச்சி அடித்த தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அன்று சொன்ன வேடிக்கையை அவள் மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது முறையாகக் கேட்கும்போது அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

ஹரலாம்பி மெதுவாகத் திரும்பினார். தலையணைக்கு அடியில் கையை விட்டு, சிவப்பு நாடா சுற்றிய ஒரு மரக்குச்சியை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். களிமண் இன்னும் காயாமல் ஒட்டியிருந்தது.

"நாப்பது நாளு நெருங்கிருச்சு," என்றார். "எங்கப்பா சேவல் இல்லாம ஒரு கல்லக்கூட வெச்சதில்ல. சேவல் எல்லாரும் அறுக்கறதுதான். ஆனா நிழலு போச்சுன்னு நான் பயந்து சாகறது இந்தப் பசங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஊரு பூரா சிரிக்கும். அதான் யாருக்கும் தெரியாம எடுத்துட்டு மூடிடலாம்னு போனேன்."

"எடுத்துட்டீங்க," என்றார் நெவேனா. "அப்புறமும் ஏன் வெளிச்சத்துக்குப் பயப்படறீங்க? ஏன் சாப்பிடல?"

கிழவர் முதல் முறையாகக் கலினை நேராகப் பார்த்தார்.

"என்னோடத எடுத்துட்டேனே. அது சும்மா இருக்குமா? காலி மூலை. வேற ஆளத் தேடும். குழியில இருந்து என்னைத் தூக்கறப்போ இவன் அந்த மூலையிலதான் நின்னான். சூரியன் அப்பத்தான் கெளம்புச்சு. இவன் நிழல் குழிக்குள்ள விழறத நான் பாத்தேன். மத்தியானம் போலீஸ் இவனப் புடிச்சிட்டுப் போனாங்கன்னு சோன்கா வந்து சொன்னா. நான் தப்பிச்சேன், இவன் மாட்டினான். நெசத்தச் சொல்லி வெளிய கொண்டுவரணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வெக்கம் விடல. ரெண்டு நாளா நாயை விடக் கேவலமாப் படுத்துக் கெடக்கேன். மன்னிச்சிருடா."

கலின் கோபமா வருத்தமா என்று தெரியாத ஒரு முகத்தோடு விலங்கு மாட்டிய கையை இன்ஸ்பெக்டர் பக்கம் நீட்டினான். இன்ஸ்பெக்டர் சாவியைத் தேடுவதில் மும்முரமானார். பொய் வாக்குமூலத்துக்கு ஒரு பிரிவு இருக்கிறது என்று ஆரம்பித்தார். சோன்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மேஸ்திரி கால் தவறி விழுந்தார், அது உண்மைதானே என்று முடித்துக்கொண்டார். விலங்கு கழன்றதும் கலின் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மனைவியைப் பார்க்க ஓடினான். படிகளில் அவன் காலடி தடதடவென்று இறங்குவது அறை வரை கேட்டது.

வழக்கு அங்கே முடிந்தது என்று ஸ்தாமென் நினைத்தான். ஆனால் கிழவர் தயிரைத் தொடவில்லை. நெவேனாவும் எழுந்திருக்கவில்லை. அவர் ஸ்லாதினாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் ஜன்னலுக்கும் கதவுக்கும் ஒருமுறை நடந்தாள். பிறகு கட்டிலருகே வந்து நின்று, இவ்வளவு நேரத்தில் முதல்முறையாக உட்கார்ந்தாள்.

"ரத்தம் சிந்தக் கூடாதுன்னுதான் விதி, அண்ணே," என்றாள். "சேவல் வரக்கூடாதுன்னு எங்கயும் சொல்லல."

மறுநாள் காலை ஊரே வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. ஸ்லாதினா முதலில் தன் கணினியில் பழைய அளவைத் திறந்து, மூலையில் நின்ற மனித உருவத்தை நிழலோடு அழித்தாள். அதை ஸ்தாமென் போனில் படம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். பிறகு, வேலை தொடங்கிய அன்று திரும்பிப் போன அதே சேவலை, சோன்கா வீட்டிலிருந்து தூக்கி வந்து குழிக்குள் நிறுத்தினார்கள். அது நிற்க மறுத்தது, கொத்தியது, இரண்டு கொத்தனார்கள் பிடிக்க வேண்டியிருந்தது. மேகம் விலகும்வரை காத்திருந்து, முக்காலியில் வைத்த கருவி ஒரு சுற்றுச் சுற்றி, சேவலையும் அதன் நிழலையும் அளந்தது. ஸ்லாதினா அங்கே புதிதாக ஒரு குச்சி அடித்தாள். பொக்லைன் தானே வந்து குழியை மூடியது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் இல்லை. அன்று மத்தியானம் ஹரலாம்பி திரையை விலக்கச் சொல்லித் தயிர் சாப்பிட்டதாகச் சேதி வந்தது.

சேவலைக் கலின் கேட்டு வாங்கிக்கொண்டான். அதே வாரம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேவல் அவன் வீட்டுப் பின்கட்டில் கொழுகொழுவென்று வளர்ந்தது, விடிவதற்கு முன்பே கூவி அக்கம்பக்கத்தை எழுப்பியது. ஹரலாம்பி ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் அடிக்கடி கலின் வீட்டு வேலியருகே போய் நின்று சேவலைப் பார்த்தார். நாள் போகப் போக அவர் மறுபடி இளைக்க ஆரம்பித்தார். சேவலுக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. அது உயிரோடு இருக்கிறதே, அப்படியென்றால் அஸ்திவாரம் அதை ஏற்றுக்கொள்ளவில்லையா என்று சோன்காவிடம் ராத்திரியெல்லாம் கேட்டாராம்.

சேவலின் நிழலை அளந்ததிலிருந்து நாற்பதாம் நாள் கலின் தன் குழந்தைக்காக ஒரு விருந்து வைத்தான். நெவேனாவும் ஸ்தாமெனும் ப்ளோவ்திவிலிருந்து வந்திருந்தார்கள், ஸ்லாதினாவும் இருந்தாள். ஹரலாம்பி கடைசி ஆளாக, வரலாமா கூடாதா என்று வாசலிலேயே தயங்கி நின்றார். கலின் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, மேஜையின் தலைப்பக்க நாற்காலியில் உட்காரவைத்து, ஆவி பறக்கும் சூப்பை அவர் முன்னால் வைத்தான்.

கிழவர் கரண்டியால் கிளறினார். சேவல் கால் ஒன்று மேலே வந்தது. நிமிர்ந்து பின்கட்டுப் பக்கம் பார்த்தார். கூடு காலியாக இருந்தது.

"நல்ல சேவல், அண்ணே. எனக்கும் மனசு வரல," என்றான் கலின். "ஆனா நீங்க இனிமேலாவது தூங்கணுமில்ல."

ஹரலாம்பி கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார்.